ஒரு ஷில்லிங்குக்கு ஒரு நாள்

1851ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், திங்கட்கிழமை. இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவிலே, இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட ஒரு பெருமாளிகையின் வாயில்களில் மரத்தடுப்புகள் நிறுத்தப்பட்டிருந்தன. பொலிசார் வழக்கத்துக்கு மேற்பட்ட தொகையினராய்க் காத்து நின்றனர். அன்று எந்தப் பகைவனும் படையெடுத்து வருவதாக இல்லை. வரவிருந்தவர்கள் அந்நாட்டின் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் உழவருமே. மாபெரும் பொருட்காட்சியின் நுழைவுக் கட்டணம் முதன்முறையாக ஒரு ஷில்லிங்காகக் குறைக்கப்பட்ட நாள் அது.

ஏழை எளியவர் தம் தோழர்களோடு கூடி, குறைந்த செலவில் ஒரு பெருநகரிலே ஒரு பகற்பொழுதை இன்பமாகக் கழித்து மீளுதல் இன்று எவரும் வியவாத செயல். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அது அரசாங்கமே அஞ்சத்தக்க ஒரு பரிசோதனையாக இருந்தது. அந்தப் பரிசோதனை நடந்த விதமும், அதில் வெற்றி பெற்றதும் பெறாததும் எவையென்பதும் அறியத்தக்கன.

பொருட்காட்சி மே மாதம் முதலாம் நாள் விக்டோரியா மகாராணியாரால் திறந்து வைக்கப்பட்டது. அல்பேர்ட் இளவரசரும் ஹென்றி கோல் என்னும் அரசாங்க அலுவலரும் அதன் பின்னே நின்று உழைத்தவர்கள். மாளிகையை வகுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் தோட்டக்கலை வல்லுநராய் வாழ்வைத் தொடங்கியவர். செடிகளைப் பேணும் கண்ணாடி வீட்டை ஆயிரத்தெண்ணூறு அடிக்கு மேல் நீட்டினால் எவ்வாறிருக்குமோ, அதுவே அந்தப் பளிங்கு மாளிகை. ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகள் அதிலே பொருத்தப்பட்டன. பூங்காவில் நின்ற முதிய எல்ம் மரங்களை வெட்டக் கூடாதென ஊரார் வற்புறுத்தவே, அம்மரங்களையும் உள்ளே வைத்துக் கூரை வேய்ந்துவிட்டார்கள். உலகெங்குமிருந்து வந்த 1 இலட்சம் பொருள்கள் அங்கே பரப்பப்பட்டிருந்தன. இலங்கையிலிருந்தும் கறுவா முதலிய விளைபொருள்கள் சென்றிருந்தன.

இவ்வளவும் யார் காண்பதற்கு? பருவச் சீட்டின் விலை ஆடவருக்கு 3 கினி, பெண்டிருக்கு 2 கினி. திறப்பு விழாவுக்கு அடுத்த இரு நாட்களும் நுழைய ஒரு பவுண் கொடுத்தல் வேண்டும். பின்னர் மூன்று வாரங்கள் 5 ஷில்லிங். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண் என்பது அக்காலக் கணக்கு. இங்கிலாந்தின் வயலில் உழைத்த கூலியாள் ஒருவன் ஒரு வாரம் முழுவதும் பாடுபட்டு 9 அல்லது 10 ஷில்லிங் பெற்றான். அவனுக்கு ஒரு பவுண் என்பது இரண்டு வார உழைப்பு. ஆகவே மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களும் அம்மாளிகை செல்வர்களின் உலாவிடமாகவே விளங்கியது. மே 26 முதல் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களுக்கு ஒரு ஷில்லிங் என்றும், வெள்ளிக்கிழமைக்கு இரண்டரை ஷில்லிங் என்றும், சனிக்கிழமைக்கு 5 ஷில்லிங் என்றும் விதிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாளிகை மூடியிருக்கும். இந்த அட்டவணையிலே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. அது பின்னர் விளங்கும்.

அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய மூன்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1848ஆம் ஆண்டு ஐரோப்பாவின் தலைநகரங்கள் பலவற்றிலே புரட்சித் தீ மூண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் இலண்டனில் கெனிங்டன் வெளியிலே திரண்டபோது, நகரின் காவல் வோட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகனிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று இரத்தம் சிந்தவில்லை. ஆயினும் தொழிலாளர் பலர் ஓரிடத்தில் கூடினால் ஏதோ நேர்ந்துவிடும் என்ற எண்ணம் மேன்மக்கள் உள்ளத்தை விட்டு அகலவில்லை. 1851இல் அதே கோமகன், முதுமையிலும் தளராதவராய், பொருட்காட்சியை முன்னிட்டு இலண்டனைச் சூழப் படைகளை நிறுத்தினார். லிங்கன் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கேணல் சிப்தோர்ப் என்பவரோ, இப்பொருட்காட்சியால் நகரெங்கும் திருடர் மலிவரென்று முழங்கிக் கொண்டிருந்தார்.

மே 26 வந்தது. எதிர்பார்த்த பெருந்திரள் வரவில்லை. வந்தவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்று, ஷில்லிங்கைக் கொடுத்து, உள்ளே சென்று, பார்த்து, மாலையில் வீடு திரும்பினார்கள். தடுப்புகள் பயனின்றி நின்றன. நெரிசலுக்கு அஞ்சித் தொழிலாளர்களும் முதல் நாளில் ஒதுங்கியிருந்தனர் போலும். அஞ்சியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள் என்பது சுவையான செய்தி. அடுத்த கிழமைகளிலே செய்தி பரவியது. கூட்டம் பெருகியது.

தொலைவூர் மக்களுக்கு நுழைவுக் கட்டணம் சிறிய செலவு, பெருஞ்செலவு பயணமே. இங்கேதான் தோமஸ் குக் என்பவரின் கதை வந்து சேருகிறது. இவர் மரவேலை கற்றவர். மதுவிலக்கை ஊர் ஊராய்ப் பரப்பியவர். 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஐந்நூறு பேர் வரையில் புகையிரதத்திலே ஏற்றிச் சென்றார். போய் மீள ஆளுக்கு ஒரு ஷில்லிங். குடிக்கு மாற்றாக மக்களுக்கு ஓர் இன்பத்தைக் காட்டினாலன்றிக் குடியை விடுவிக்க முடியாதென்பது அவர் கருத்து. பத்தாண்டு கழித்து அவரே மிட்லண்ட் புகையிரதக் கம்பெனிக்காகப் பொருட்காட்சிப் பயணங்களை ஒழுங்கு செய்தார். யோக்ஷயர்ப் பகுதியிலிருந்து இலண்டன் போய்வர முதலில் 15 ஷில்லிங் என்றிருந்தது. போட்டிக் கம்பெனி ஒன்று விலையைக் குறைக்க, இவர்களும் குறைக்க, ஈற்றில் 5 ஷில்லிங் வரையில் அது இறங்கிவிட்டது. அந்தக் கோடையிலே குக் அழைத்துச் சென்றவர் தொகை ஒன்றரை இலட்சம் எனப்படுகிறது.

ஐந்து ஷில்லிங்தானென்றாலும் அரைவாரக் கூலியை ஒரே முறையில் எடுத்து வைக்கக் கூடிய தொழிலாளி எத்தனை பேர்? அதனால் ஆலைகளிலும், தொழிலாளர் கல்விக் கழகங்களிலும், ஊர்களிலும் பொருட்காட்சிச் சேமிப்புச் சங்கங்கள் தோன்றின. நம்மூரிற் சீட்டுப் பிடிப்பது போல, வாரந்தோறும் சில பென்ஸ் கட்டி வருவார்கள். பணம் சேர்ந்ததும் ஒரே பட்டறையிலே அருகருகே நின்று வேலை செய்தவர்கள் ஒன்றாகவே புறப்படுவார்கள். தோழமை இங்கே பொழுதுபோக்குக்குத் துணை மட்டுமன்று. அது இல்லாவிடில் பயணமே இல்லை. தனியொருவனாக இலண்டனைக் காண முடியாதவன், கூட்டத்தில் ஒருவனாகக் கண்டான். சரே மாநிலத்துக் கொட்ஸ்டன் முதலிய அயலூர்களிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு உழவர்கள் தம் ஊர்க் குருமாரின் தலைமையிலே, போய் மீள ஆளுக்கு 2 ஷில்லிங் 2 பென்ஸ் செலவில், வயல் உடுப்போடு வந்து சென்றனர். அவர்களுட் பலருக்கு அதுவே தலைநகரின் முதற் காட்சியாக இருந்திருக்கும்.

தொலைவிலிருந்து வந்தவர்கள் பலர் இரவு முழுவதும் வண்டியிலே விழித்திருந்து விடியற்காலையில் இலண்டனை அடைந்தார்கள். ஓரிரவு தங்க வேண்டியவருக்குப் பிம்லிக்கோப் பகுதியிலே ஆயிரம் பேர் துயிலத்தக்க ஒரு தொழிலாளர் விடுதி இருந்தது. ஓரிரவுக்கு ஒரு ஷில்லிங் 3 பென்ஸ்.

ஷில்லிங் நாட்களின் மக்கள் எவற்றைக் கண்டார்கள்? பஞ்சாபிலிருந்து இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோஹினூர் வைரம் ஒரு கூண்டுக்குள்ளே வாயு விளக்கின் ஒளியில் வைக்கப்பட்டிருந்தது. முண்டியடித்துச் சென்று பார்த்தவர்கள், அது எதிர்பார்த்த அளவு ஒளி வீசவில்லையென ஏமாந்து திரும்பினார்கள். அது யாருடைய கல், அங்கே வந்து கிடந்தது ஏன் என்பன அவர்கள் கேட்காத கேள்விகள். இந்தியப் பகுதியிலே அம்பாரி சுமந்து நின்ற பாடம் செய்யப்பட்ட யானையை அனைவரும் வியந்தனர். அந்த யானை இந்தியாவிலிருந்து வந்ததன்று; இங்கிலாந்தின் எசெக்ஸ் மாநிலத்து நூதனசாலை ஒன்றிலிருந்து இரவல் வாங்கியது. பளிங்கு மாளிகையின் நடுவே இருபத்தேழடி உயரக் கண்ணாடி நீரூற்று ஒன்று இருந்தது. கூட்டத்திலே பிரிந்து போனவர்கள் சந்திப்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

ஆயினும் தொழிலாளர் நீண்ட நேரம் நின்ற இடம் வேறு. நீராவியால் இயங்கிய இயந்திரங்களின் கூடத்திலேதான் அவர்கள் மொய்த்தார்கள். இலண்டன் ஏழைகளின் வாழ்வை ஆராய்ந்து எழுதிய ஹென்றி மேயூ இதைக் கவனித்துப் பதிந்திருக்கிறார். செல்வர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக வந்தனர். ஷில்லிங் கொடுத்தவர்களே பொருள்களைப் பார்ப்பதற்காக வந்தனர் என்பது அவர் எழுத்திலிருந்து பெறப்படும் கருத்து. அது உண்மையாகவே இருத்தல் வேண்டும். தறியோடு வாழ்ந்தவன் புதிய தறியை நோக்குவதும், அதைப் பொழுதுபோக்காக வந்த சீமாட்டி நோக்குவதும் ஒன்றாகுமா? தன் கைவேலையை நாளை இந்த இயந்திரம் பறித்துவிடுமோ என்ற கேள்வியும் அவர்களிற் சிலர் உள்ளத்திலே எழுந்திருக்கக் கூடும்.

நண்பகலானதும் கூடைகள் திறக்கப்படும். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் இறைச்சியையும் நீரூற்றுகளின் அருகிலும் சிலைகளின் அடியிலும் இருந்து பங்கிட்டு உண்பார்கள். இதைக் கண்டு முகம் சுளித்த கனவான்களும் இருந்தனர். சிற்றுண்டி விற்கும் உரிமையை 5,500 பவுண் கொடுத்து ஷ்வெப்ஸ் கம்பெனி பெற்றிருந்தது. மதுவகை எதுவும் விற்கக் கூடாது, குடிநீரைக் காசின்றி வழங்க வேண்டும் என்பன விதிகள். பொருட்காட்சி முடிந்தபின் கணக்கெடுத்தபோது சோடா, எலுமிச்சைப் பானம், இஞ்சிப் பானம் ஆகியவை 10 இலட்சம் போத்தல்களுக்கு மேல் விற்றிருந்தன. பாத் பணிஸ் எனப்படும் இனிப்புப் பணிஸ் 9 இலட்சத்துக்கு மேல். கைக்காசு குறைந்த கூட்டத்துக்குப் பணிசும் இலவச நீருமே போதியதாக இருந்தன. இன்னுமொரு கணக்கும் உண்டு. ஜோர்ஜ் ஜெனிங்ஸ் என்பவர் அங்கே அமைத்த மலசலகூடங்களை ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தியவர் தொகை 8,27,280. வரலாற்று நூல்கள் பல இதைக் கூறாது விடும். ஆயினும் நாள் முழுவதும் நகரிலே பெண்களும் குழந்தைகளும் தங்கி நிற்பதற்கு இத்தகைய வசதி எவ்வளவு இன்றியமையாதது என்பது, வெளியூர் சென்று தவித்த எவருக்கும் தெரியும்.

கோர்ன்வால் மாநிலத்துப் பென்சன்ஸ் என்னும் கடலோர ஊரிலிருந்து மேரி கலினக் என்ற கிழவி, தலையிலே கூடையைச் சுமந்துகொண்டு முந்நூறு மைல் நடந்தே வந்து சேர்ந்தாள். எண்பதைக் கடந்த வயது. புகையிரதக் கட்டணமெல்லாம் குறைந்திருந்தும் அவளுக்கு எட்டவில்லை. சேமிப்புச் சங்கமும் இல்லை, தோழர் கூட்டமும் இல்லை. நகரபிதா அவளை அழைத்துத் தேநீர் அளித்து ஒரு பொன் நாணயமும் கொடுத்தார். மகாராணியாரும் அவளைக் கண்டதைத் தம் நாட்குறிப்பிலே எழுதினார். பத்திரிகைகள் அவளைப் போற்றின. மலிவான நாள் என்பதற்கு வெளியே நின்றுவிட்டவர்களின் ஒரே பிரதிநிதி அவள் என்று எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 7ஆம் நாள் செவ்வாய்க்கிழமை, ஷில்லிங் நாள். அன்று மட்டும் 1,09,915 பேர் வந்தனர். ஒரு வேளையிலே 90 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். அந்தக் கூட்டத்தினுள்ளே வெலிங்டன் கோமகனும் வந்து சேர்ந்தார். அவரை இனங்கண்டவர்கள் தொப்பியைக் கழற்றி ஆரவாரம் செய்தார்கள். தொலைவில் நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது, காரணம் தெரியவில்லை. மாளிகை இடிந்து விழுகின்றதென எண்ணி அவர்கள் வாயில்களை நோக்கி விரையத் தொடங்கினார்கள். பொலிசார் முதியவரைப் பத்திரமாக வெளியே கொண்டு சென்றபின் அமைதி திரும்பியது. கூட்டத்தை அடக்கப் படை நிறுத்தியவரே அக்கூட்டத்தின் பெருங்கலக்கத்துக்குக் காரணமாயினார். அதுவும் பகையினால் அன்று, மக்கள் அவர்மேற் கொண்ட அன்பினால்.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 11இல், பொதுமக்களுக்கு வாயில்கள் மூடப்பட்டன. மொத்த வருகை 60 இலட்சத்துக்கு மேல். அதில் 44 இலட்சத்துக்கு மேற்பட்டது ஷில்லிங் நாட்களுக்குரியது. ஒரே ஆள் பலமுறை வந்ததும் இதில் அடங்கும். குற்றங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினவாகவே இருந்தன. கணக்கை இன்னொரு வகையாகப் பார்த்தல் நன்று. 44 இலட்சம் ஷில்லிங் என்பது 2 இலட்சத்து 20 ஆயிரம் பவுண். செலவு போக மிஞ்சிய இலாபமோ 1 இலட்சத்து 86 ஆயிரம் பவுண். ஷில்லிங் கொடுத்தவர்கள் வராதிருந்தால் இலாபம் என்ற பேச்சுக்கே இடமிருந்திராது. அந்த இலாபத்தைக் கொண்டு தென் கென்சிங்டனிலே நிலம் வாங்கப்பட்டது. இன்று விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலை முதலிய பெருநிலையங்கள் நிற்கும் நிலம் அது. அவற்றின் அடித்தளத்திலே உழவனின் ஷில்லிங்கும் கிடக்கிறது.

இனி, முன்னர் குறித்த அட்டவணைக்கு வருவோம். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஷில்லிங். அந்நாட்களெல்லாம் வேலை நாட்கள். பட்டறையை விட்டு ஒரு நாள் வந்தால் அன்றைய கூலி போய்விடும். நுழைவுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தவன் இழந்த கூலியாக ஒன்றரை ஷில்லிங்குக்கு மேல் கொடுத்தான். 1850ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் நெசவாலைகளிலே பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை முடித்து வைத்தது. அந்த அரைநாள் கிடைத்தவர்களுக்குச் சனிக்கிழமைக் கட்டணம் தொடக்கத்திலே 5 ஷில்லிங். உழைப்பவன் முழுதும் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலோ கதவு பூட்டியிருந்தது. சில முதலாளிமார் தம் ஆட்களுக்குக் கூலியோடு விடுமுறையும் பயணச் செலவும் கொடுத்து அனுப்பினர். அத்தகையோர் பாராட்டுக்குரியவர். ஆனால் ஒருவன் பொழுதுபோக்கு மற்றொருவன் தயவிலே தங்கியிருக்குமாயின் அதை உரிமையென்று சொல்லலாகாது. காசைக் குறைப்பது எளிதாயிற்று. நாளைக் கொடுப்பதே கடினமாயிற்று.

அந்தக் கடினத்தை நீக்க நெடுங்காலம் சென்றது. பளிங்கு மாளிகை பெயர்க்கப்பட்டு இலண்டனின் தெற்கே சிடனம் குன்றில் மீண்டும் எழுப்பப்பட்டு 1854இல் திறக்கப்பட்டது. அங்கும் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குக் கதவு திறக்கலாகாதென்று சமயப் பற்றாளர் கிளர்ச்சி செய்ய, அரசாங்கம் இணங்கியது. ஓய்வு நாளின் தூய்மையைக் காக்க வேண்டுமென்ற அவர்தம் கவலை போலியன்று. நூதனசாலையைத் திறந்தால் நாளடைவில் ஆலையையும் திறந்துவிடுவர் என அஞ்சிய தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்திருந்தனர். ஆயினும் அதே ஞாயிறு பிற்பகலிலே மதுக்கடைகள் திறந்திருந்தன என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஹென்றி கோல் வேறு வழி தேடினார். 1857இல் தென் கென்சிங்டன் நூதனசாலையைத் திறந்தபோது அங்கே வாயு விளக்குகளை ஏற்றிச் சில மாலைகளிலும் மக்களை வரவேற்றார். சில நாட்களில் கட்டணமும் இல்லை. வேலை முடித்து, கை கழுவி, மனைவி மக்களோடும் நண்பரோடும் வந்து பார்க்கக் கூடிய நேரமாக அது அமைந்தது. 1871ஆம் ஆண்டு சேர் ஜோன் லபொக் முயன்று நிறைவேற்றிய சட்டத்தால் வங்கி விடுமுறை நாட்கள் வந்தன. அந்நாட்களிலே இலண்டனின் பூங்காக்களும் சிடனம் மாளிகையும் நிரம்பி வழிந்தன. அந்த மாளிகை 1936ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவிலே தீக்கிரையாயிற்று.

இலண்டனிலுள்ள அரசாங்க நூதனசாலைகளையும் ஓவியக்கூடங்களையும் ஞாயிறு பிற்பகலில் திறக்கலாமெனப் பாராளுமன்றம் இசைந்தது 1896ஆம் ஆண்டிலேதான். பொருட்காட்சிக்காக ஒரு நாட் கூலியை இழந்து, தோழர் நால்வரோடு கண்ணாடி நீரூற்றின் அருகிலே பணிஸ் பங்கிட்டுத் தின்ற இருபது வயதுப் பட்டறைத் தொழிலாளி ஒருவனுக்கு, அப்பொழுது அறுபத்தைந்து வயது ஆகியிருக்கும்.